கணவர் காளான் கப்சூல் எடுக்கிறார், சந்தோஷமாகவும் இருக்கிறார். நான் பயப்பட வேண்டுமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

எழுதியிருப்பவர் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த 36 வயதுப் பெண். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்கு 41 வயது, நிலாவெளிப் பக்கம் நாலு அறை வைத்து ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார், இரண்டு சின்னப் பிள்ளைகள். 2004 சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தவர், அதைப்பற்றி இன்றுவரை பெரிதாகக் கதைப்பதில்லை. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அறைகள் காலி, அடுத்த வருடம் கொரோனா, 2022-ல் பெற்றோல் வரிசையும் வங்கிக் கடனும். அந்த வருடம்தான் அவர் குளிக்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்கத் தொடங்கியிருக்கிறார். கிளினிக்கில் காட்டி, மனச்சோர்வு என்று சொல்லி, சேர்ட்ரலின் குளிசை கொடுத்தார்கள், இப்போது ஒரு நாளைக்கு 100 மி.கி. "தேறினார், ஆனால் முழு ஆளாகத் திரும்பி வரவில்லை" என்கிறார் மனைவி.

இந்த சீசனில் ஒரு மாதம் தங்கிய நெதர்லாந்துக்காரர் ஒருவர், போகும்போது ஒரு போத்தல் கப்சூல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மனநிலையை மாற்றும் சைலோசைபின் என்ற பொருள் உள்ள காளானின் தூள், மூன்று நாளைக்கு ஒன்று, "மைக்ரோடோசிங்" (மிகச் சின்ன அளவில் எடுப்பது), மயக்கம் வராது, மனம் மட்டும் திறக்கும் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். மெல்பேர்ணில் இருக்கும் கணவரின் அண்ணாவும் "அதை இங்கே டொக்டர்மாரே கொடுக்கிறார்கள், பயப்படாதே" என்று வட்ஸ்அப்பில் சொல்ல, மூன்று கிழமைக்கு முதல் கணவர் சேர்ட்ரலினை ஒரே நாளில் நிறுத்திவிட்டுக் கப்சூலைத் தொடங்கிவிட்டார். போத்தல் முடிந்தால், மாரி மழைக்குத் தம்பலகாமம் பக்கம் மாட்டுச் சாணியில் முளைக்கிற காளானைப் பிடுங்கிக் காயவைப்பதாகத் திட்டம். "இப்போது விடியற்காலை மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறார், களைப்பே இல்லை, ஆறு புது அறை கட்டப் போகிறார், மேசனுக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார், பழைய ஆள் திரும்பி வந்ததுபோல இருக்கிறது" என்று எழுதியவர், அடுத்த பந்தியில், கணவரின் தாய்மாமன் ஒருவர் இளம் வயதில் காதில் குரல் கேட்கிறது என்று சொல்லி அங்கொடை மனநல ஆஸ்பத்திரியில் நெடுநாள் இருந்ததையும் குறிப்பிடுகிறார். இது நல்லதா கெட்டதா, சட்டப்படி சரியா, போத்தலை எடுத்து எறிந்துவிடவா, தூக்கமில்லாமல் தவிக்கும் தானும் பாதி கப்சூல் எடுத்துப் பார்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் நல்ல செய்தியாக எழுதிய வரிதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. மூன்று மணிக்கு எழும்புகிறார், களைப்பு இல்லை, ஆறு அறை கட்டப் போகிறார், அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நாலு அறையே வருடத்தில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிற, கடன் இன்னும் கட்டி முடியாத ஒருவர், சீசன் முடிகிற நேரத்தில், ஆறு அறை கட்டுகிறார். மூன்று வருடம் சோர்ந்து கிடந்தவரை இப்படிப் பார்க்கும்போது உங்கள் மனம் குளிர்ந்திருக்கும், அதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் மனநல வைத்தியராக எனக்கு முதலில் வருகிற சந்தேகம், இது குணமடைதலா அல்லது மனநிலை மறுபக்கத்துக்கு எகிறத் தொடங்குகிறதா என்பதுதான்.

இதை 'மேனியா', அதன் லேசான வடிவத்தை 'ஹைப்போமேனியா' என்போம். மனச்சோர்வோடு வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் இருப்பது இருதுருவ நோய், சோர்வுப் பக்கம் முதலில் வந்து, எழுச்சிப் பக்கம் வருடங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். தூக்கம் குறைந்தும் களைப்பு வராமல் இருப்பது இதன் முக்கியமான அடையாளம். தூக்கம் வராமல் தவிப்பது வேறு, தூக்கமே தேவைப்படாமல் போவது வேறு. கூடவே வேகமான பேச்சு, பெரிய பெரிய திட்டங்கள், கைமீறிய செலவு, மறித்துப் பேசினால் சட்டென்று கோபம். இதில் எத்தனை உங்கள் வீட்டில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். சைலோசைபின் எடுத்த பிறகு மேனியா வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. குளிசையைத் திடீரென்று நிறுத்தும்போதும் சிலருக்கு அப்படி வரும். வேறொன்றும் இல்லாமல், ஒரு நல்ல சீசனும் ஒரு புது நம்பிக்கையும் கொடுத்த உற்சாகமாகவும் இது இருக்கலாம். நேரில் பார்க்காமல் எது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. இந்தக் கிழமையே காட்ட வேண்டும்.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

ஆராய்ச்சி நடப்பது உண்மைதான்

அண்ணா சொன்னது முழுப் பொய் இல்லை. இதை "எல்லாம் போதைப்பொருள்தான்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் உங்கள் கணவர் உங்களோடு மேலே கதைக்கவே மாட்டார், அவர் ஏற்கெனவே நிறைய வாசித்திருப்பார். அதனால் இதில் உள்ள உண்மையை நீங்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தக் காளான்களில் இருக்கும் சைலோசைபின், உடம்புக்குள் போய் சைலோசின் என்ற பொருளாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் வந்து ஒட்டுகிற சில இடங்களில் ('ஏற்பிகள்' என்போம்) போய் ஒட்டுகிறது. முழு அளவில் எடுத்தால் அரை மணித்தியாலம் அளவில் தொடங்கி நாலு முதல் ஆறு மணித்தியாலம் வரை பார்வை, காலம், 'நான்' என்ற உணர்வு எல்லாம் மாறும். மெக்சிகோவின் வாஹாக்கா மலைகளில் மசடெக் மக்கள் இதை நோய் தீர்க்கும் சடங்கில், இரவில், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கப் பயன்படுத்தி வந்தார்கள். 1958-ல் சுவிட்சர்லாந்தில் அல்பேர்ட் ஹொஃப்மன் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். பிறகு பல வருடம் தடைகளால் ஆராய்ச்சி படுத்துக் கிடந்து, இந்த நூற்றாண்டில்தான் மறுபடி எழும்பியிருக்கிறது.

2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், வழக்கமான மருந்துகளுக்குச் சரிவரக் குணமாகாத மனச்சோர்வு உள்ள 233 பேருக்கு 25, 10, 1 மி.கி. என்று மூன்று அளவுகளில் ஒரே ஒரு முறை சைலோசைபின் கொடுத்தார்கள். மூன்றாம் கிழமையில், 25 மி.கி. எடுத்தவர்களில் 37 வீதம் பேருக்கு நோய் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்திருந்தது, 1 மி.கி. எடுத்தவர்களில் 18 வீதம். இது லேசான விஷயம் இல்லை, எங்கள் துறையில் நாங்களும் ஆவலோடு கவனிக்கிறோம். ஆனால் பன்னிரண்டாம் கிழமைவரை அந்தப் பலன் நிலைத்து நின்றது முதல் குழுவில் 20 வீதம் பேருக்கு மட்டும்தான். தற்கொலை எண்ணமும் தன்னைத்தானே காயப்படுத்துவதும் மூன்று குழுவிலுமே பதிவானது. அதற்கு முந்தைய வருடம் லண்டனில் 59 பேரோடு நடந்த ஆய்வில் சைலோசைபினையும், சேர்ட்ரலினின் உறவுக்கார மருந்தான எசிற்றலோபிராமையும் ஒப்பிட்டார்கள். ஆறு கிழமை முடிவில், முதன்மையாகப் பார்த்த அளவுகோலில், இரண்டுக்கும் இடையில் உறுதியான வித்தியாசம் இல்லை.

அந்த ஆய்வுகளில் மருந்து எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதைத்தான் உங்கள் கணவருக்கு நீங்கள் சொல்ல வேண்டும். அளந்து தயாரித்த தூய பொருள். பயிற்சி பெற்றவர்களோடு முன்கூட்டியே பல மணித்தியாலம் பேச்சு. மருந்து எடுக்கும் நாள் முழுக்கப் பக்கத்தில் ஆள். அதற்குப் பிறகும் பேச்சு. எல்லாவற்றுக்கும் முதல், யாரை எடுக்கக்கூடாது என்ற கடுமையான வடிகட்டல். இருதுருவ நோய் உள்ளவர்களையும், தனக்கோ நெருங்கிய இரத்த உறவுக்கோ மனப்பிறழ்வு நோய் (இல்லாத குரல் கேட்பதுபோல) வந்தவர்களையும் பெரும்பாலான ஆய்வுகள் உள்ளேயே எடுப்பதில்லை. சில ஆய்வுகள் தாய்மாமன் வரைக்கும் அந்தக் கோட்டை நீட்டுகின்றன. உங்கள் கணவர் இன்று லண்டனில் போய் விண்ணப்பித்தாலும், அங்கொடையில் இருந்த அந்த மாமாவின் கதையைச் சொன்ன உடனே திருப்பி அனுப்பிவிடக்கூடும். அவர் மனதில் இது பதிந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் பிறகு கதைக்கலாம்.

மெல்பேர்ணில் நடப்பது என்ன

அவுஸ்திரேலியாவில் 2023 யூலை 1 முதல், அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக அனுமதி கொடுத்த மனநல நிபுணர்கள் மட்டும், மற்றச் சிகிச்சைகளுக்குக் குணமாகாத மனச்சோர்வுக்கு, சைலோசைபினைப் பரிந்துரைக்கலாம். மேற்பார்வையில் கொடுப்பார்கள், செலவு ஆயிரக்கணக்கான டொலர். பாமசியில் துண்டு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்து மூன்று நாளைக்கு ஒன்றாக விழுங்குகிற ஏற்பாடு அங்கேயும் கிடையாது. நெதர்லாந்திலும் காளான் விற்பனை 2008 டிசம்பரோடு தடை, மண்ணுக்குள் வளரும் அதன் கிழங்கு போன்ற பகுதி மட்டும் அங்கே கடைகளில் இன்னும் விற்கப்படுகிறது. அண்ணாவும் அந்த வெள்ளைக்காரரும் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் உங்கள் கணவரின் கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, மாமாவை யோசித்திருக்கவும் மாட்டார்கள்.

மைக்ரோடோசிங் தனிக் கதை

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் பெரிய அளவை ஒரு தடவையோ இரண்டு தடவையோ கொடுத்தவை. உங்கள் கணவர் செய்வது, அதில் பத்தில் ஒரு பங்கு அளவை விட்டு விட்டுத் தொடர்ந்து எடுப்பது. முதலாவதற்குக் கிடைத்த பேரை இரண்டாவதற்கு எடுத்து ஒட்டிவிடுகிறார்கள், அங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 2021-ல் வந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே மைக்ரோடோஸ் எடுக்க நினைத்த 191 பேர், எந்தக் கப்சூலில் மருந்து, எதில் வெறும் கூடு என்று தங்களுக்கே தெரியாதபடி கலந்து வைத்துக்கொண்டு சில கிழமைகள் எடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களின் மனநிலை மேம்பட்டது. வெறும் கூட்டை விழுங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுக்கு மேம்பட்டது. 'இன்று எடுத்தது மருந்துதான்' என்று நம்பினவர்களுக்கு, உண்மையில் அது வெறும் கூடாக இருந்தாலும், நல்லாக இருந்தது.

இதை வைத்து உங்கள் கணவரைக் கேலி செய்துவிடாதீர்கள். நம்பிக்கையால் வரும் சுகமும் சுகம்தான், மூன்று வருடத்துக்குப் பிறகு 'நான் நல்லாக வருவேன்' என்று அவர் நம்பத் தொடங்கியிருப்பது பெரிய விஷயம், அதை உடைக்காமல்தான் நாங்கள் இதைக் கையாள வேண்டும்.

இன்னொன்று. நாள் கணக்கில் விட்டு விட்டு மாதக்கணக்காக எடுத்தால் இதயத்துக்கு என்ன ஆகும் என்பது தீர்க்கப்படாத கேள்வி. சைலோசின் ஒட்டுகிற ஏற்பிகளில் ஒன்று இதய வால்வுகளிலும் இருக்கிறது. அதே ஏற்பியைத் தொடர்ந்து தூண்டிய பென்புளூரமின் என்ற உடல் மெலிவிக்கும் மருந்து, வால்வுகளைக் கெடுத்ததால் 1997-ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. காளானும் அப்படிச் செய்யும் என்று நிரூபணம் எதுவும் இல்லை, ஆனால் 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பவும் வேண்டாம். நேர்மையாகச் சொன்னால், ஐஸ், குடு போல இது ஆளை அடிமையாக்குகிற பொருள் இல்லை, உடம்பை நேரடியாக நஞ்சாக்கிக் கொல்வதும் மிக அரிது. உங்கள் கணவரைப் பொறுத்தவரை ஆபத்து வேறு பக்கத்தில் இருக்கிறது.

குளிசையை ஒரே நாளில் நிறுத்தியது

"அந்தக் குளிசைக்கு அடிமையாகிவிட்டேன், அதிலிருந்து விடுபடத்தான் இதை எடுக்கிறேன்" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். சேர்ட்ரலின் ஆசையைத் தூண்டாது, அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லாது, அந்தக் கருத்தில் அது போதை இல்லை. ஆனால் உடம்பு அதற்குப் பழகியிருக்கும், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்று, குமட்டல், தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல ஒரு உணர்வு, எரிச்சல், காரணமில்லாத அழுகை, விசித்திரமான கனவுகள் எல்லாம் வரலாம். இவற்றைக் காளான் 'உள்ளே கிடந்த அழுக்கை வெளியேற்றுகிறது' என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம், அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வு திரும்பி வருவது இன்னும் மெதுவாக நடக்கும், கிழமைகளோ மாதங்களோ கழித்து. அதாவது அது ஜனவரியில், மழையும் காற்றும் அடிக்கிற, ஒரு வெளிநாட்டுக்காரரும் வராத, கட்டிட வேலை பாதியில் நிற்கிற நேரத்தில் வந்து நிற்கலாம். எனக்கு அதுதான் கவலை.

அதற்காக, வீட்டில் மிச்சமிருக்கிற சேர்ட்ரலினை நாளைக்கே நீங்களாக 100 மி.கி. கொடுக்கத் தொடங்கவும் வேண்டாம். மேலே சொன்ன எழுச்சி நிலை உண்மையாக இருந்தால், மனச்சோர்வுக் குளிசையைத் தனியாகக் கொடுப்பது எரிகிற அடுப்புக்கு விறகு வைத்த மாதிரி ஆகிவிடும். இருதுருவ நோய் என்று தெரிந்தால் வைத்தியர் லிதியம் என்ற, மனநிலையைச் சமப்படுத்தும் மருந்தைத் தொடங்க நினைக்கலாம். லிதியம் எடுப்பவர்கள் சைலோசைபின் எடுத்து வலிப்பு வந்த பல பதிவுகள் உண்டு. அதனால்தான் கப்சூல் விஷயத்தைக் கிளினிக்கில் மறைக்கவே கூடாது என்கிறேன்.

சாணிக் காளான் திட்டம், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

எங்கள் மண்ணில் சைலோசைபின் உள்ள காளான் முளைக்கிறது என்பது உண்மை. சாணியில் முளைத்து, கை பட்டால் நீலம் பாய்கிற ஓர் இனம், அந்தக் காலத்தில் சிலோனிலிருந்து சேகரிக்கப்பட்டு 1871-லேயே ஆங்கிலேயத் தாவரவியலாளர்களால் பதிவு செய்யப்பட்டது. ஆனால் அதே மழைக்கு, அதே புல்வெளியில், வேறு காளான்களும் முளைக்கும். வெள்ளைக் குடை மாதிரி அழகாக விரிகிற ஒன்று கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் கொடுத்து ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும். அதைவிட மோசமானவை ஈரலைத் தாக்கும் நஞ்சுள்ள இனங்கள். அவற்றைச் சாப்பிட்டு ஆறு மணித்தியாலம் முதல் ஒரு நாள் வரை ஒன்றும் தெரியாது, பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும், பிறகு சுகமானதுபோல ஒரு நாள், அதற்கு அடுத்து ஈரல் செயலிழப்பு. அவித்தாலும் காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வெங்காயம் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக் கரண்டி கறுக்கும், மாடு ஆடு தின்றால் நல்ல காளான் என்று ஊரில் சொல்கிற எந்தச் சோதனையும் உதவாது. புற்றடிக் காளானைச் சின்ன வயதிலிருந்து பிடுங்கிச் சமைத்த கை என்று அவர் சொல்லக்கூடும். அந்த அனுபவம் இந்தக் காளான்களை அடையாளம் காண உதவாது.

சரியான இனத்தையே பிடுங்கினாலும், ஒரு காளானுக்கும் பக்கத்துக் காளானுக்கும் பொருளின் அளவு பல மடங்கு வித்தியாசப்படும். மைக்ரோடோஸ் என்று நினைத்து எடுத்தது முழு டோஸாக மாறி, பிள்ளைகளுக்கு முன்னால், கடலுக்கு நூறு யார் தூரத்தில், ஆறு மணித்தியாலம் தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் ஒருவர் இருப்பதை யோசித்துப் பாருங்கள். போத்தலில் வருவதும் அவ்வளவு நம்பக்கூடியது இல்லை. 2024-ல் அமெரிக்காவில் மைக்ரோடோசிங் என்று சொல்லி விற்ற சாக்லேட்டுகளைச் சாப்பிட்டுப் பலர் வலிப்போடும் மயக்கத்தோடும் வைத்தியசாலைக்குப் போனார்கள், சோதித்துப் பார்த்தால் உள்ளே வேறு வகைக் காளானின் மஸ்கிமோல் உட்படப் பல பொருட்கள் இருந்தன.

யாராவது தெரியாத காளானைச் சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மிச்சக் காளானை ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

சட்டம்

நான் வைத்தியர், வழக்கறிஞர் இல்லை, எந்தப் பிரிவில் என்ன தண்டனை என்பதை ஒரு வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவு. 1971 ஐ.நா. உடன்படிக்கையில் சைலோசைபினும் சைலோசினும் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கின்றன, இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. உளமாற்றப் பொருட்களின் சட்டவிரோதக் கடத்தலுக்கு எதிராக 2008-ல் 1ஆம் இலக்கச் சட்டமும் இங்கே வந்தது. அந்தச் சர்வதேசப் பட்டியலில் இரசாயனத்தின் பெயர்தான் இருக்கிறது, காளானின் பெயர் இல்லை என்று இணையத்தில் வாதாடுகிறவர்கள் உண்டு. அந்த வாதத்தை நம்பி வீட்டில் போத்தலை வைத்திருப்பது, அதுவும் வெளிநாட்டுக்காரர் வந்து போகிற, பொலிஸ் எந்த நேரமும் சோதிக்கக்கூடிய ஒரு கெஸ்ட் ஹவுஸில், சரியான யோசனை இல்லை. அடுத்த சீசனில் யாராவது விருந்தாளிக்கு ஒரு கப்சூலை அவர் அன்பாகக் கொடுத்தாலும் விஷயம் வேறு மாதிரிப் பார்க்கப்படும்.

இனி என்ன செய்வது

போத்தலை இரகசியமாக எடுத்து எறியாதீர்கள். அவர் உங்களை நம்பாமல் போவார், அடுத்த நாளே சாணி மேட்டுக்குப் போவார். இரவில் வேண்டாம், காலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, இருவரும் அமைதியாக உட்கார்ந்து கதையுங்கள். கப்சூலைப் பற்றித் தொடங்காமல் தூக்கத்தைப் பற்றித் தொடங்குங்கள்: "நீங்கள் சந்தோஷமாக இருப்பது எனக்கும் சந்தோஷம், ஆனால் மூன்று கிழமையாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை, அதை ஒருக்கால் காட்டிவிட்டு வருவோம்." எழுச்சி நிலையில் இருப்பவர்கள் 'நீங்கள் நோயாளி' என்றால் கொதிப்பார்கள், 'நித்திரை' என்றால் கேட்பார்கள். மாமாவின் கதையைப் பிறகு, அவர் மதிக்கிற ஒருவர் வாயால் வரச் செய்யலாம். மெல்பேர்ண் அண்ணாதான் அதற்குச் சரியான ஆள். அவருக்கு நீங்கள் இன்றே ஒரு செய்தி போட்டு, மாமாவைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் அட்வான்ஸைப் பற்றியும் எழுதி, "இப்படி உள்ள ஒருவருக்கு அங்கே இதைக் கொடுப்பார்களா என்று உங்கள் டொக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பதில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது அண்ணாவிடமிருந்து வரட்டும்.

கிளினிக் திகதி தூரத்தில் இருந்தாலும் பரவாயில்லை, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் கிளினிக் கொப்பியோடு போய், குளிசையை நிறுத்திவிட்டார், தூக்கம் குறைந்துவிட்டது என்று சொன்னால் முன்னுரிமை கொடுத்துப் பார்ப்பார்கள். போத்தலைக் கையில் கொண்டுபோக வேண்டாம். லேபிளைப் போனில் படம் எடுத்து, எந்தெந்த நாள் எத்தனை எடுத்தார் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள். டொக்டரிடம் சொன்னால் பொலிஸுக்குப் போகும் என்று பயந்திருக்கிறீர்கள். நாங்கள் மருந்துகள் மோதாமல் இருப்பதற்காகக் கேட்கிறோம், பிடித்துக்கொடுப்பதற்காகக் கேட்பதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, ஆனால் கிளினிக் வரிசையில் கச்சேரியில் வேலை செய்பவரும் கடலுக்குப் போகிறவரும் பள்ளிக்கூட அதிபரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கிளினிக் போகும்வரை பணப் பக்கத்தைக் கொஞ்சம் இறுக்குங்கள். மேசனிடம் நீங்களே கதைத்து, மழை முடியும்வரை வேலையைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள், நகை அடகுக்குப் போக விடாதீர்கள், வங்கியில் புதுக் கடன் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்து வைக்காதீர்கள். கப்சூல்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, அவர் சம்மதித்த அன்றே இருவரும் சேர்ந்து அழித்துவிடுங்கள்.

எழுச்சி இறங்கும்போது ஆள் ஆழமாக விழக்கூடும். அப்போது "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றாலோ, இல்லாத குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொன்னாலோ, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரு பொட்டு நித்திரை இல்லாமல் போனாலோ அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு. இரவில் யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

தங்கையின் கதை ஒன்று இருக்கிறதே, அதை இருபது வருடமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை என்றீர்கள். சேர்ட்ரலின் பாதி ஆளைத்தான் திருப்பிக் கொடுத்தது என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், குளிசை அந்த வேலையைச் செய்யாது. துயரத்தோடும் பேரிடர் நினைவுகளோடும் பேசிப் பேசிச் செய்கிற சிகிச்சைகள் இருக்கின்றன. மனநிலை சமப்பட்ட பிறகு அதைக் கிளினிக்கில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் நெரிசலில் யாருக்கும் நினைவு வராது. கப்சூலில் அவர் தேடியது அதைத்தானோ என்று எனக்கு ஒரு எண்ணம், அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் பாதி கப்சூல். வேண்டாம். வீட்டில் ஒருவராவது எந்த நேரமும் தெளிவாக இருக்க வேண்டிய கிழமைகள் இவை, அப்புறம் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு மே மாதத்திலிருந்து நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டுவிட்டுக் குசினியில் நின்று அழுகிறீர்கள். இது கணவரைப் பற்றிய கவலை மட்டும்தானா என்று பார்க்க வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு போகிற அன்றே உங்கள் பெயருக்கும் ஒரு நம்பர் எடுங்கள்.